கொசு குந்தாத கை

எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லிவிட்டாள் செங்கம்மா. வரிசையில் பதினாலு பேர். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள நிற்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். பொழுது சாய்ந்து கொசு கிளம்புகிற நேரம். ஒவ்வொரு கையிலும் ஒரு கொசுவாவது உட்கார வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எண்ணெய். கொசு விரட்ட வந்தவள் முதலில் கொசுவுக்குப் பந்தி வைக்கிறாளே என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிப்பதில்லை.

சித்தூரிலிருந்து பலமனேர் போகிற வழியில், நாலு வழிச் சாலை போடும் கூலிகளின் முகாம் அது. வெட்டவெளியில் இருபது தார்ப்பாய்க் கூடாரம். மண் எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் பச்சைப் பசேலென்று தேங்கிக் கிடக்கிறது. செங்கம்மா பக்கத்துக் குடிபாலா ஊர்க்காரி. அவள் ஊர் ஆண்களெல்லாம் அடுக்குமாடி கட்டப் பெங்களூருக்கு ஓடிவிட்டார்கள். இந்த ஊர் ரோட்டைப் போட வடக்கே பாலமூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்து இறங்கியிருக்கிறது. இது என்ன கூத்தோ, காலம் அப்படி.

வேப்பெண்ணெய் ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு. அதில் நொச்சித் தழையும் துளசியும் போட்டுச் சிறுதீயில் காய்ச்சுவாள். தழை மொறுமொறுவென்று ஆனதும் இறக்கி, சூடு தணிந்தபின் கற்பூரத்தைப் பொடித்துத் தூவுவாள். பூசிக்கொண்டால் ராச்சாப்பாடு முடிகிறவரை கொசு கிட்டே வராது. நாற்றத்தில் மனுஷரும் வரமாட்டார்கள். கூடாரத்துக்குக் கூடாரம் வறட்டித் தணல்மேல் பச்சை நொச்சியைப் போட்டுப் புகை மூட்டுவதும் அவள் வேலைதான். சுருள் கொசுவத்தியெல்லாம் இந்த மேட்டுக் காற்றுக்குத் தாங்காது. தெலுங்குக் கூலிகள் அவளை ‘நூனெ அக்கா’ என்கிறார்கள். நூனெ என்றால் அவர்களுக்கு எண்ணெய்.

தன் கையை மட்டும் அவள் யாருக்கும் காட்டியதில்லை. விடிந்ததும் ஒரு தடவை, வரிசை நிற்குமுன் ஒரு தடவை பூசிக்கொண்டுவிடுவாள். “நீயும் நீட்டேன் அக்கா” என்று யாராவது கேட்டால், “எனுக்கு இன்னாத்துக்கு?” என்று தழை கிள்ளத் திரும்பிக்கொள்வாள்.

இந்தக் கை பார்க்கிற வழக்கம் அவள் புருஷன் பழனியிடமிருந்து வந்தது. இரண்டு பேரும் மாந்தோப்புக் காவலுக்குத் தோப்பிலேயே தங்கியிருந்த வருஷம் அது. அந்தக் கதையை அவள் குரலை ஏற்றாமல் இறக்காமல், சந்தைக்குப் போய் வந்த சேதி மாதிரி சொல்லுவாள்.

“எனுக்கு ஒடம்பெல்லாம் கடி. அவுரு வெறும் ஒடம்போட கட்டில்ல படுத்துக்கினு கீறாரு, ஒண்ணுகூட குந்தல. பரவால்ல, நம்ம எண்ண நல்லா வேல செய்யுதுன்னு சந்தோசமா பாத்துக்கினு இருந்தேன். அப்பாலதான் ஞாபகம் வந்திச்சி. அன்னிக்கி அவுருக்கு எண்ணயே தடவல.”

மறுநாள் மாங்காய்க் கூடையைத் தூக்கக் குனிந்த பழனி நிமிரவில்லை.

இங்கே முகாமுக்கு வந்த பிறகு ஒரு தடவை. ஜல்லி சுமக்கிற பாலமூர் ரத்னம்மாவின் கையில் இரண்டு நாளாக ஒன்றும் உட்காரவில்லை. செங்கம்மா மேஸ்திரி ரங்கையாவிடம் போய், அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள். “ஏம் அக்கா, உன் கொசு டாக்டர் பரீட்சை பாஸ் பண்ணிச்சா?” என்று ரங்கையா சிரித்தார். ஐந்தாம் நாள் ரத்னம்மாவின் உடலை ஊருக்கு அனுப்ப அவரே வண்டி பிடித்தார். அன்றிலிருந்து மேஸ்திரி முழுக்கைச் சட்டைதான். எந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றுவதில்லை.

செங்கம்மாவுக்கு ஒரே மகன், முரளி. பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறான். சாயங்காலம் ஆனால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்; நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஒன்பது நாளாக அது வரவில்லை. பத்தாம் நாள், வரிசை நிற்கிற நேரத்தில் ஆளே வந்து நின்றான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

“ஒண்ணுமில்லம்மா, டைல்ஸ் தூசி” என்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேடிக்கையாக வரிசைக் கடைசியில் போய்க் கையை நீட்டினான்.

பதினாலு கைகளிலும் கொசு மொய்த்தது. பதினைந்தாவது கை வெறுமையாக இருந்தது. தூரத்தில் ரங்கையா தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பஸ்ல கடிக்குதுன்னு கிரீம் பூசனேன்மா, அதான்” என்றான் முரளி.

செங்கம்மா கிண்ணத்தை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு, மகனைத் தண்ணீர் டிரம்முக்கு இழுத்துப் போனாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை, சீயக்காய் போட்டு ஒரு தடவை. தோல் சிவக்கத் தேய்த்தாள். தன் கை எண்ணெயையும் சாம்பல் போட்டுக் கழுவினாள். பிறகு, கொசு அதிகமிருக்கிற பள்ளத்து ஓரமாக ஒரு கல்லில் அவனை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் ரீங்காரம். அவள் கழுத்தில் கடிக்கிறது, பாதத்தில் கடிக்கிறது. அவன் கைப்பக்கம் ஒன்றும் வரவில்லை.

“பசிக்குதும்மா.”

“குந்து நைனா. துன்னலாம், இரு.” மகனை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டினாள். திருப்பதிக்கு நடந்தே போய் மொட்டை போடுவதாக வேண்டினாள். வெளிச்சம் மங்கி, கை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அப்போது ஒன்று வந்தது. கையைச் சுற்றியது, விலகிப் போனது, திரும்பி வந்து முழங்கை மடிப்பில் உட்கார்ந்தது. முரளி அடிக்கக் கையை ஓங்கினான். செங்கம்மா அந்தக் கையைப் பாய்ந்து பிடித்தாள்.

“அடிக்காதடா. குடிக்கட்டும்.”

கொசுவின் வயிறு சிவக்கத் தொடங்கியது. காற்று திரும்பி, கூடாரத்து வாசலிலிருந்து நொச்சிப் புகை மெல்ல இந்தப் பக்கம் வந்தது. செங்கம்மா ஒரு கையால் மகனின் கையைப் பிடித்தபடியே, மறு கையால் முந்தானையை இழுத்து விரித்து, கொசுவின் மேல் புகை படாமல் மறைத்துக்கொண்டாள்.