வடைப் பொட்டலத்தோடு உபவாச ஜெபத்துக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மலேசியாவின் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் தேக்காவுக்கு முதன்முறையாகத் தனியாகப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே கட்டுமான வேலை பார்க்கும் அப்பா, சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தார். அன்று அறுவை சிகிச்சை. கால்கள் மறுபடி அசையுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்றார்கள். மருத்துவமனையில் கூட இருந்த அம்மா, "ஒருத்தரத்தான் விடுறாங்க, நீ மத்தியானம் வா" என்று போனில் சொன்னார். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

ஜொகூர் பாரு சோதனைச்சாவடியில் 170 பேருந்து பிடியுங்கள். 170X வேண்டாம், அது கிராஞ்சியோடு நின்றுவிடும். உட்லண்ட்ஸில் குடிநுழைவுச் சோதனைக்குப் பையோடு இறங்க வேண்டும், பேருந்து காத்திருக்காது, அடுத்த 170இல் ஏறுங்கள். அங்கிருந்து தேக்கா ஒரு மணி நேரம். எங்கே இறங்குவது என்று ஓட்டுநரிடம் மூன்று முறை கேட்டேன், என் குரல் அவருக்கு எட்டவில்லை.

"வாயத் தொறந்து கேளுமா, பஸ்ஸே தூங்கிடும் லா!"

நான் அப்படித்தான். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னாலே காய்ச்சல் வரும். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டு, அம்மாவின் தையல் கடையில் இருக்கிறேன். துணி என்னைப் பேசச் சொல்லாது.

தேக்காவில் தோசையும் டீயும் ஐந்து டாலருக்குள் முடிந்தது. அம்மாவுக்கு ஆறு வடை கட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிராங்கூன் சாலையில் கால்மணி நேரம் நடந்து, ஒரு பக்கத் தெருவில் தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒன்றைப் பார்த்தேன். பலகையில் 'ஜெபம்' என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது, நுழைந்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்த பிறகுதான் சுவரில் பெரிதாக 'உபவாச ஜெபம்' என்று படித்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத இருபது பேர். நடுவில் என் வடை. மின்விசிறி வேறு வேகமாகச் சுற்றியது.

"யாருதுங்க இந்த வடை? பிசாசு இன்னிக்கு நல்லா சோதிக்கிறான்!" என்றார் பக்கத்தில் இருந்தவர், ரூத் அக்கா என்று பிறகு தெரிந்தது. சபையே சிரித்தது.

எழுந்து நின்றேன். "என்னோடது. தெரியாம சாப்பிட்டுட்டு வந்துட்டேன். போயிடுறேன்."

அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போற? உன்ன விரட்டவா நாங்க பட்டினி கிடக்கிறோம்? வந்த காரியத்தச் சொல்லு."

ஏற்கெனவே நின்றாகிவிட்டது. சொன்னேன். "எங்கப்பா கால் அசையணும்."

அந்தச் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் வார்த்தையில், சத்தமாக ஜெபிப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. அந்தச் சத்தத்துக்குள் நானும் வாய்விட்டு ஜெபித்தேன், யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. அப்பா இன்னும் அறுவை அறையில்தான் இருந்தார், எந்தச் செய்தியும் வரவில்லை. ஆனால் போனை எடுத்துப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு மணிக்கு ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். "இப்போ எடு அந்தச் சோதனைய!" என்றார் ரூத் அக்கா. ஆறு வடையை இருபது பேருக்குப் பிய்த்தோம். அம்மாவுக்கு ஒரு குடுவையில் கஞ்சி தந்தார்.

மருத்துவமனை வராந்தாவில் அம்மா ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துச் சத்தமாக ஜெபித்தேன். அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "நீயாடி பேசுற?"

சாயங்காலம் டாக்டர் வந்தார். வலது கால் விரல்கள் அசைகின்றன, இடதுக்குப் பொறுக்க வேண்டுமாம். பொறுத்திருக்கிறோம், தினமும் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். கேட்க எனக்கு இப்போது கூச்சமில்லை.

மனம் உடைந்த நாளில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை காலை பத்துக்குள் போங்கள். முடிந்தால் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டுவிட்டால் அப்படியே போங்கள், யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். வடை மட்டும் ஆறு போதாது.