திருப்பி வைத்த பந்து

என் மனைவிமீது எனக்குப் பொறாமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், மேசையில் பந்தடித்துக் குழியில் தள்ளும் பூல் கூடம் இருக்கிறது. ஞாயிறு மதியமானால் என்னை அங்கேதான் பார்க்கலாம். "வாரம் முழுக்க லோரி, ஞாயித்துக்கெழம பூல். நான் எதுக்கு வீட்டுல இருக்கேன்?" என்று அவள் கேட்டதால்தான் ஒருநாள் அவளையும் கூட்டிப் போனேன். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை அவளுக்கு. பாலில்லாத ஐஸ் தேநீரை, எங்கள் தே ஓ ஐஸை, உறிஞ்சியபடி அதே கண்ணால் மேசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஆடுவது ஒன் பாக்கெட். மேசையில் ஆறு குழி இருந்தாலும் ஆளுக்கு ஒரு மூலைக் குழிதான் சொந்தம். பதினைந்து பந்தில் எட்டை முதலில் தன் குழியில் போட்டவருக்கு வெற்றி. எதிராளியின் குழியில் நாமே தள்ளிவிட்டாலும் அது அவருக்குத்தான் சேரும். அதனால் பந்து விழுந்ததா என்பதைவிட, அடித்தபின், இருவரும் அடிக்கிற அந்த ஒரே வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

எனக்கோ பந்து விழும் சத்தம் போதும்.

"ஏங்க, பந்து விழுந்துச்சு, சரி. வெள்ள எங்க நிக்குது பாருங்கலா. அவருக்கு நீங்களே வழி விட்டுட்டீங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? சும்மா இரு."

சொல்லிக் கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டாள். கொடுக்கவில்லை. மூன்றாவது முறை கேட்காமல் அவளே கியூக் கோலை எடுத்தாள்.

ஆறே மாதம். வெள்ளையைப் பந்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். எதிராளி விழி பிதுங்கி நிற்பான். பதினைந்து வருடமாக ஆடுகிறேன், என் ஆட்டத்தைப் பார்க்க ஒருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டதில்லை. "அண்ணே, ஒங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்னா மூள!" என்றான் ஒருவன். பல்லைக் காட்டினேன். வயிறு எரிந்தது.

கமுந்திங்கில் ஒரு கூடத்தோடு போட்டி வந்தது. எங்கள் குழுவில் ஒரே ஓர் இடம் மிச்சம். எங்கள் இருவரில் ஜெயிப்பவர் போகட்டும் என்றார் கூடத்துக்காரர். அந்த இடம் எனக்கு வேண்டும். அதைவிட, அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

அவளுக்கு ஏழு, எனக்கு ஐந்து. மீதி மூன்றில் ஒன்று அவள் குழியின் வாயிலேயே நின்றது. வெள்ளையை மற்ற இரண்டுக்கும் நடுவே, விளிம்போடு ஒட்டவைத்துவிட்டு நகர்ந்தாள். இப்போது என் முறை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெள்ளையைக் கியூவால் லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். அது ஃபவுல், தண்டனையாக நான் போட்ட பந்தில் ஒன்றை எடுத்துத் திரும்ப மேசையில் வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சிக்கல் அவள் தலைக்குப் போய்விடும். அவள் எத்தனையோ முறை அப்படிச் செய்திருக்கிறாள், முகம் கோணாமல்.

அத்தனை பேர் முன்னால், பெண்டாட்டிக்குப் பயந்து பந்தைத் திருப்பி வைப்பதா? ஓங்கி அடித்தேன். பந்துகள் சிதறின. ஒன்று மூன்று பக்கமும் மோதிச் சுற்றி வந்து, அவள் குழி வாயில் நின்றதை உள்ளே தள்ளியது. அவளுடைய எட்டாவது பந்தை நானே போட்டுக் கொடுத்தேன்.

கமுந்திங்குக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். அவள் கியூவையும் நான்தான் தூக்கினேன். ஜெயித்தாள். அந்த ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"இவருதான், என் வீட்டுக்காரரு. எல்லாம் இவரு சொல்லிக் குடுத்ததுதான்."

ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பாமல் கியூவை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்ததில் ஒன்றை எனக்காகத் திருப்பி வைத்துவிட்டாள், முகம் கோணாமல். அது என்னால் முடியாது. அந்தப் பொறாமைதான் இன்னும் போகவில்லை.