ஆறு இன்ச்சுக் குழாயும் ஒரு பூசணிக்காயும்

அப்பாவின் மேல் எனக்கு அடங்காத கோபம் வந்தது என் ஒன்பதாவது வயதில். ஒரு பூசணிக்காய்க்காக என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் அந்த மில் முதலாளியை நினைத்தால் மூக்கு விடைக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மில்லில் அப்பா பிட்டர். அம்மாவுக்கு அதே மில்லில் கூலி வேலை. தொட்டியில் அவிந்த நெல்லைக் கூடையில் வாரிக் களத்தில் கொட்ட வேண்டும். பாய்லரிலிருந்து அந்தத் தொட்டிக்கு ஆவி கொண்டுபோகும் குழாய்களை அப்பாதான் இணைப்பார். குழாய் முனையில் மரை வெட்டி, சணல் சுற்றி, வெள்ளைக் களிம்பு தடவி, அடுத்த குழாயோடு முறுக்கி இறுக்குவார். அவர் வெட்டிய மரையில் ஒரு சொட்டு ஒழுகாது என்று மில்லில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நான் அதை இன்னும் கொஞ்சம் ஊதிப் பெருக்கி வைத்திருந்தேன்.

அந்த மில்லில் ஒரு வழக்கம். புதுக் குழாயில் முதல் ஆவி விடும் நாளில் பாய்லருக்குப் பூசை உண்டு. குழாயை இணைத்தவர்தான் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அவருக்கு முதலாளி தன் கையாலேயே மாலை போட்டுத் துண்டு போர்த்துவார். மற்ற நாளில் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனுஷன் அவர்.

அந்த வருடம் பெரிய பாய்லர் வந்தது. இரண்டு இன்ச்சுக் குழாய் போய் ஆறு இன்ச்சுக் குழாய் வந்து இறங்கியது. என் வகுப்பில் பாதிப் பேரை நான் பூசைக்கு அழைத்துவிட்டேன்.

அப்பாவோ மரை வெட்ட மாட்டேன் என்றுவிட்டார். சோற்றுத் தூக்கைக் கொடுக்கப் போன நான் என் காதாலேயே கேட்டேன்.

“இம்மாம் பெரிய குழாய்க்கு மரை வேணாங்க. வெட்டுனா அந்த எடத்துல இரும்புச் சதை கம்மியாப் பூடும். ஸ்டீம் ஜாஸ்தி, தாங்காது, வெடிச்சிடும். வெல்டிங் பண்ணிப் பத்த வெச்சாத்தான் நிக்கும்.”

வடக்கனந்தலிலிருந்து வந்த நெல் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. முதலாளிக்கு அவசரம். “வெட்டத் தெரிலன்னு சொல்லிட்டுப் போய்யா” என்றார், பத்துப் பேர் முன்னால்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளிக்கு மரை தெரியுமா, சணல் தெரியுமா? வேட்டியில் கரி படாமல் நடக்கத் தெரியும், அவ்வளவுதான். அவரை நாலு வார்த்தை கேட்காமல், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் சேலத்திலிருந்து ஒரு வெல்டர் வந்து சேர்ந்தார். மில்லுக்குள் பொறி பறந்தது. அவர் டீ குடிக்க உட்கார்ந்த நேரம் பார்த்து நேரே போய் நின்றேன்.

“எங்கப்பா வேலைய இன்னாத்துக்குப் புடுங்கிக்கினே?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானா? உங்கப்பாதான் பாப்பா சேலத்துக்கே வந்து என்னைக் கையோட கூட்டியாந்தாரு. முதலாளிகிட்ட மல்லுக்கட்டி சம்மதம் வாங்குனதும் அவருதான்.”

என் கோபம் முழுக்க அப்பா பக்கம் திரும்பியது. தன் மாலையைத் தானே கொண்டுபோய் இன்னொருத்தர் கழுத்தில் போடுகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பூசை நாள் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. “இன்னாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பூசையன்று என் சிநேகிதிகள் வந்து முன்வரிசையில் நின்றார்கள். வெல்டருக்கு மாலை விழுந்தது. அவர் நல்ல மனிதர், பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணன் எங்க, அண்ணன் ஒடைக்கட்டும்” என்று சுற்றிச் சுற்றித் தேடினார். அப்பாவைக் காணோம். முதலாளி அவசரப்படுத்த, வெல்டரே உடைத்தார். வால்வைத் திறந்தார்கள். குழாய் ஒரு தடவை உதறி உறுமியது. எல்லாரும் பின்வாங்கினோம்.

தொட்டி வேலைப் பெண்களை அப்பா முன்னதாகவே களத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். கதவு வழியாக உள்ளே பார்த்தேன். தொட்டி ஓரத்தில், பற்றவைத்த இணைப்புக்கு நேர் கீழே, அண்ணாந்து பார்த்தபடி அவர் ஒற்றை ஆளாக நின்றார். ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன். “உங்கப்பா எங்கடி?” என்ற சிநேகிதியிடம் அவர் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன்.

ரொம்ப நேரம் கழித்து, சட்டை நனைந்து ஒட்ட, வெளியே வந்தார். “இப்போ போங்க” என்றார் பெண்களிடம். அம்மா கூடையோடு முதல் ஆளாக உள்ளே போனாள். அவர் நின்றிருந்த அதே இடத்தில் போய் நின்றாள். தினமும் அவள் நிற்கும் இடம் அதுதான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் விளங்காமல், அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே, “எனக்கு இந்த அப்பா வேணாம்” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.