ஸ்டிக்கர் ஒட்டாத கடைசி அத்தியாயங்கள்

என் நாவலுக்கு இணையத்தில் வந்த கருத்துகள் எல்லாமே ‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்றுதான் ஆரம்பித்தன. அப்போதே எனக்கு உறுத்தியது. தலையணை கனத்துக்கு இருக்கிற புத்தகத்தை இத்தனை பேர் ஒரே மூச்சில் படிப்பார்களா, இல்லை ஒரே ஆள் இத்தனை பெயரில் எழுதுகிறாரா? அதில் ஒருவன் என் அத்தை மகன். எந்தப் புதுப்படம் வந்தாலும் அவன் எழுதுகிற அதே வரியை எனக்கும் எழுதியிருந்தான். இன்னொருவர் பதிப்பகத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். என் கல்யாணத்தில் மொய் எழுதியவர்களைக்கூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

கதை இதுதான். பழைய காலத்துத் துறவி ஒருவரின் பல் வைத்த பொன் பேழை எங்கோ புதைந்து கிடக்கிறது. அதைத் தேடி ஒரு ஆராய்ச்சியாளனும் ஒரு கடத்தல் கும்பலும் வேலூர்க் கோட்டையிலிருந்து ஆற்காடு வரை ஓடுகிறார்கள். அத்தியாயத்துக்கு ஒரு துரத்தல் உண்டு. புனைபெயரில் எழுதியதால், ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் யாருக்கும் தெரியாது. பதிப்பகத்தில் இரண்டாம் பாகம் கேட்டார்கள். பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் பாகம் உண்மையிலேயே தேறியிருந்தால் எழுதுவது, இல்லையென்றால் இந்த ஆசையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அதை யார் வாயிலிருந்து கேட்டு நம்புவது?

நாட்றம்பள்ளியிலிருந்து வரும் கம்பெனி வண்டியில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், பசை படிந்த இடத்தில், சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. ஆள் முகம் பார்த்துப் பாஸ் பண்ணுகிறவள் இல்லை. நான் பேக்கிங் சூப்பர்வைசர். எனக்கு வருவது பாஸான ஜோடிகள் மட்டும்தான்.

என் நாவலின் அட்டையையும் முன்பக்கங்களையும் கிழித்துவிட்டு, பழைய பேப்பர் கடையில் கிடைத்தது என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கட்டரால் முதுகில் கீறி நாலு பாகமாக்கி, சாப்பாட்டு நேரத்தில் தோழிகளோடு மாற்றி மாற்றிப் படித்தாள். ஒருத்தி மூன்றாம் பாகத்திலிருந்து ஆரம்பித்தாளாம். எதுவும் விட்டுப்போன மாதிரியே தெரியவில்லை என்றாளாம். அது பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் சிரித்தபோதெல்லாம் என் எழுத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

ஒருநாள் வண்டியில் நாலு பாகத்தையும் ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தால், பக்கமெல்லாம் சிவப்பு அம்பு. சித்திரை வெயிலில், வெறும் மணலாகக் கிடக்கிற பாலாற்றில், கதாநாயகன் மார்பளவு தண்ணீரில் நீந்துகிற இடத்தில் ஒன்று. சாயங்காலம் வண்டிகள் நகராத சத்துவாச்சாரி வழியாக ஒரு இடத்திலும் நிற்காமல் கார் பறக்கிற இடத்தில் ஒன்று. ஆரம்பத்திலிருந்து அவன் ஒரு வாய் சோறு தின்னவில்லை என்பதற்குத்தானோ என்னவோ, ஒரு பிரியாணிக் கடை வருகிற பக்கத்தில் ரெண்டு. ஒவ்வொன்றும் சரி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் கடைசிப் பாகத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. மலைக்குகையில் பேழை திறந்து, ஒளி பாய்ந்து, வில்லன் கருகிச் சாகிற பாகம். நான் அழுதுகொண்டே எழுதியது. முதலில் பூரித்துப்போனேன். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு குறைகூட இல்லாத சரக்கு எங்கே இருக்கிறது? படிக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

மறுநாள் வண்டியில், கடைசிப் பாகம் பிடித்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள். பேழைக்குள் என்ன இருந்தது என்று ஆழம் பார்த்தேன். பல், என்றாள். வில்லன் எப்படிச் செத்தான் என்றேன். அதையும் சொன்னாள். படித்திருக்கிறாள். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

“அப்ப அதுல மட்டும் ஒரு ஸ்டிக்கர்கூட காணோம்? அவ்ளோ நல்லா இருந்துச்சா?”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஸ்டிக்கர் ஒட்றது ரிப்பேர் பண்ணிக்கலாம்னு இருக்கறதுக்குத்தான்க்கா. ரிஜெக்டுக்கு இன்னாத்துக்கு ஒட்டணும்? அது நேரா தொட்டிக்குப் போய்டும். உங்க கைக்கு வராது, அதான் தெரியல.”

என் முகம் எரிந்தது. இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. இணையத்தில் அத்தனை பேர் எழுதியதிலும் எழுந்த சந்தேகம், இந்த ஒருத்தி சொன்னதில் எனக்கு எழவே இல்லை. அதுதான் வலித்தது. பதிப்பகத்துக்கு முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி கேட் வந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், மற்றவர்கள் இறங்கட்டும் என்று நின்றாள்.

“முன்னாடி மூணு பாகமும் ரிப்பேர்தான், ஆய்டும். கடைசிய மட்டும் கட்டிங்லேர்ந்து புதுசா போடுங்கக்கா.”

நான் எதற்குப் போட வேண்டும், பழைய பேப்பர் கடைப் புத்தகம்தானே என்றேன்.

“பழைய பேப்பர் கடைப் புக்குக்கு யாருக்கா இத்தினி கேள்வி கேப்பாங்க? கொடுத்த அன்னிக்கே எனக்கு டவுட்டு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.