முன்தளத்தில் இடமில்லாத படகு

இருசப்பனுக்கு முகம் சுளிக்கத்தான் தெரியும், சிரிக்கத் தெரியாது என்று செங்கம் ரோட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவருடைய பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக சீட் கவர் தைக்கிறவள் நான். அந்த மனிதர் காரணமில்லாமல் சுளித்து நான் பார்த்ததில்லை. டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார். மட்டம் என்றால் டப்பா அப்படியே குப்பைக்குப் போய்விடும். ஒட்டின டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கும்போது ஒரே ஒரு குமிழி வந்தாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். அவசரப்படுகிறவர்களிடம் டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவருடைய மருமகன் விமல்ராஜ் கீழ்பென்னாத்தூர்க்காரன். வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவன், புதுச்சேரியில் ஒரு பாய்மரப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிற படகு. நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்கு, "கெணத்துலயே வளந்தவன் சார்" என்று அளந்துவிட்டிருக்கிறான். உண்மையில் இடுப்பளவு தண்ணீருக்கே கண்ணை மூடிக்கொள்கிறவன். இது இருசப்பனுக்குத் தெரியும், அவர் சொல்லி எனக்குத் தெரியும். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும் அவர் மகள் ஓவியாவுக்குத் தெரியாது.

படகு முதலாளி சக்கரவர்த்தி பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். போன பௌர்ணமியன்று கிரிவலம் முடித்த கையோடு காலையிலேயே கடை முன்னால் காரை நிறுத்தினார். நெற்றி நிறைய விபூதி. விமல்ராஜ் பின்னாலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கினான். இரண்டும் காற்றடிக்கிற சின்னப் படகுகள்; ஒன்று லேசானது, விலை கம்மி, மற்றது கெட்டி ரப்பர். பெரிய படகுக்கு ஏதாவது ஆனால் இதில் ஏறித்தான் தப்பிக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வாங்கின இடத்திலேயே திருப்பிவிடலாமாம்.

"டியூப் விஷயத்துல உங்களுக்கு மேல ஆள் இல்லையாமே பெரியவரே. பாத்து வைங்க, சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரமத்துப் பக்கம் ரூமுக்குத் தூங்கப் போய்விட்டார்.

இருசப்பன் மருமகனிடம் பாய்மரப் படகின் முன்தளம் எத்தனை அடி என்று கேட்டு, கடை வாசலில் சாக்பீஸால் கோடு போட்டார். இரண்டுக்கும் காற்றடித்து, கோட்டுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் வெயிலில் போட்டார். மூன்று மணிக்கு விலை கம்மியான படகின் ஓரம் வாயைப் பிளந்தது. இளகின பசை விரலில் இழுபட, அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

சக்கரவர்த்தி வந்ததும் அதைக் காட்டினார். "ஒரு நாள் வெயிலுக்கே இப்டி. கடல்ல இன்னாவறது? இன்னொண்ணு கெட்டி ரப்பரு. காத்து எறக்காத, கவுத்துப் போட்டு முன்னாடி கட்டிடுங்க. அளந்துட்டேன், சரியா குந்திக்கும்."

"முன்னாடிதானே ஜனங்க உக்காந்து போட்டோ எடுப்பாங்க! அந்த எடத்த அடைச்சா எவன் வருவான்? சுருட்டிப் பையில வெச்சுப்போம். சுருட்ட இந்த லேசானதுதான் வசதி. ஓரத்த ஒட்டிக் குடுத்துடுங்க."

இருசப்பன் அந்த லேசானதன் ஓரத்தை ஒட்டி, காற்றை இறக்கிச் சுருட்டி, கால் பம்ப்பை முதலாளி முன்னால் வைத்தார். "அடிங்க சார். நா மணி பாக்கறேன்."

பத்து நிமிடத்தில் முதலாளியின் சட்டை நனைந்துவிட்டது. படகு பாதிகூட எழும்பவில்லை.

"இந்நேரம் பெரிய படகு இன்னாவாயிருக்கும்?"

"அண்ணாமலையார் பாத்துப்பாரு. அதான் உங்க மாப்ள இருக்காரே, தூக்கிக் கரை சேத்துட மாட்டாரா?"

இருசப்பன் மருமகனைப் பார்த்தார். சொன்னால் வேலை போகும். விமல்ராஜ் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"அவருக்கு நீச்ச தெரியாது சார்."

சக்கரவர்த்தி விபூதி கலையாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நீச்சல் தெரிஞ்சவன் இந்தச் சம்பளத்துக்கு வருவானா பெரியவரே?"

மனிதனா இவன்? கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இருசப்பன் உள்ளே போய், மருமகன் பிடித்து மிதக்க ஒரு லாரி டியூபை எடுத்துக் காற்றடித்தார். தொட்டியில் அமுக்கிப் பார்த்தார், ஒரு குமிழி வரவில்லை. கார் கூரையில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். "இது அசிங்கமா இருக்கும்" என்றார் முதலாளி. "இது ஏறலன்னா மாப்ளையும் ஏற மாட்டாரு" என்றார் இருசப்பன். மறுநாள் காலையில் படகுக்கு ஆள் வேண்டுமே. முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

"காத்த மட்டும் எறக்காதீங்க மாப்ள."

"சரி மாமா."

கிரிவலக் கூட்டத்தில் கார் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திருப்பம் வரை போன கார் நின்றது. விமல்ராஜ் இறங்கினான். கயிற்றை அவிழ்த்தான். டியூபை ரோட்டோரம் வைத்தான். எங்கள் பக்கம் திரும்பாமல் மறுபடி ஏறிக்கொண்டான்.

அந்தப் பையனை ஓடிப்போய் அறையலாம் போலிருந்தது. இருசப்பன் கூட்டத்துக்குள் நடந்து போய் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கருப்புப் படிந்த கையைக் காட்டி, மகளுக்குப் போன் போடச் சொன்னார் என்னிடம். நான் காதருகே பிடித்தேன்.

"ஓவியா, மொதல்ல குந்தும்மா. உம் புருசனுக்கு நீச்ச தெரியாது."