வரேன் என்று சொல்லாதவர்கள்

எழவு வீட்டுக்குப் போனவர்கள் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். சின்ன வயதிலிருந்தே தெரிந்த வழக்கம்தான். உயிரோடு கிடக்கும் என்னிடமிருந்தும் எல்லோரும் அப்படித்தான் கிளம்பிப் போகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள் நான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், ஏறி வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. முதுகெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்காமல் போயிற்று. பல மாதம் ஆஸ்பத்திரி. பிறகு சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைக்குக் காற்று மெத்தையும், கட்டிலோரம் தொங்கும் மூத்திரப் பையுமாக வந்து சேர்ந்தேன். புண் வராமலிருக்க மாமியார் என்னை அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பார். அவர் கையில் நான் தோசை.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் பிரட்டும் வாங்கி வந்தார்கள். என் காலைப் பார்த்தார்கள், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள். “எப்டி ஓடியாடிக்கினு இருந்த பொண்ணு” என்று மாமியாரிடம் சொன்னார்கள். ஓடியாடிய பொண்ணு அங்கேதான் படுத்திருந்தாள். அப்புறம் பேசாமல் எழுந்து போனார்கள். எதிர்வீட்டு அக்காவும் அப்படித்தான் போனார். போனவர் தன் வாசல் குழாயைத் திறந்து, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புழுதியாக இருந்திருக்கலாம். ஆனால் நாலு எட்டு வைத்தால் அவர் வீடு, அதற்குள் அவ்வளவு புழுதி ஏது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரம்கூடத் தேவலை. அது வடிந்த பிறகு வந்ததுதான் மோசம். சோறு மண்ணாக இருந்தது. சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டால் அந்தச் சுவரே போதும் என்று கிடந்தேன். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது ஏதாவது கேட்பார், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். நான் செத்தால் இவர்களுக்கு விடுதலை என்று ஓயாமல் நினைத்தேன். அது நியாயமாகவே தெரிந்தது. நியாயம்போலப் பேசுவதுதான் அந்த நோயின் சாமர்த்தியம் என்பது இப்போது புரிகிறது.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். “முதுகுதான் ஒடஞ்சுது, மூள ஒண்ணும் கலங்கல” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். மாமியாரும் என் கட்சி. “பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டராண்ட போனா ஊரு இன்னா பேசும்?” என்றார்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் ஆப்பிள் இல்லை. “யக்கா, ஹாஸ்டல் சாம்பார வாயில வைக்க முடியல. உங்க வீட்டுல என்ன குழம்பு?” என்று கேட்டு வாங்கி, என் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். சூப்பர்வைசரை வாய் வலிக்கத் திட்டினாள். கை கழுவிவிட்டு வந்து, “யக்கா, போயிட்டு வாரேன்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எங்கிட்ட எதுக்குடி சொல்லிக்கினு போற? எவளும் சொல்றதில்லியே.”

“ஏன், சொன்னா என்ன? இது என்ன எழவு வீடா?”

“எல்லாரும் அப்டித்தான்டி எழுந்து போறாங்க. எனக்கும் அப்டித்தான் தோணுது. வாழவே புடிக்கல.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று அவள் சொல்லவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் அழுது முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலக்கா. தெரிஞ்சவங்ககிட்ட போவோம். நானும் கூட வாரேன்.”

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஊர் என்ன பேசும் என்ற பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவேயில்லை. “எப்போ போலாம்?” என்று அவளிடம் கேட்டார்.

போகிற நாளன்று கணவர் என்னைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளி வந்தார். ஆட்டோ நின்றது, உள்ளே அவள். வெளி வெயில் பட்டு எத்தனை காலமாயிற்று, கண் கூசியது. எதிர்வீட்டு அக்கா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பார்வையைக் குடத்துக்குள் இறக்கிக்கொண்டார். விடுவேனா நான்?

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்!” தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குடம் நிரம்பி வழிந்தது. “போயிட்டு வாம்மா” என்றார். கடைப்பக்கம் போகிற யாரிடமும் சொல்கிற பழக்கத்தில் அதோடு நிறுத்தாமல், “வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினு வா” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த மனநல டாக்டரிடம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மாத்திரை உண்டு, பேச்சு உண்டு, மறுபடியும் சுவரைப் பார்த்துக் கிடக்கிற நாட்களும் உண்டு. ஆனால் அன்றைக்குத் திரும்பும்போது, படப்பைக் கடைத்தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கொத்தமல்லி வாங்கினேன். உணர்ச்சியில்லாத மடியில் அதை வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் வாடிவிடுமே என்பதுதான் வழி முழுக்க என் கவலையாக இருந்தது.