இலேசான காருக்குச் சில்லுத் தேடிய கதை

வேகம் கேட்பவரும் இழுவை கேட்பவரும் தனித்தனியாக வந்தால் கராஜ் தொழில் சுகமானது; இருவரும் ஒரே ஆளாக வந்தால் என்ன பாடு என்று, பழைய காரோடு மாரடித்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மற்றச் சில்லு

எங்கள் கராஜ் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. கணவர் இறந்தபின், கல்லூரியில் கணிதம் படித்த நானும் மெக்கானிக் அந்தோனியும் அதை நடத்தினோம். கடற்படைத்தளத்து வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது, பாகம் பாகமாக வந்து வீட்டிலேயே பூட்டிச் சேர்த்துக்கொள்ளும் கார் ஒன்றைப் பெட்டியோடு எங்களிடம் விட்டுப் போயிருந்தார். மெல்லிய குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, எல்லாம் இலேசு. எஞ்சினும் சில்லும் கியரும் நாங்கள் தேடவேண்டும். புதுக் கார் இறக்குமதி இல்லாத அந்த நாளில், மூதூருக்குக் கிட்டக் கட்டைபறிச்சான் என்ற ஊரின் மருத்துவிச்சி பிலோமினா அதைத் தனக்குக் கேட்டு வந்தார்.

பழைய கார்களில் கழற்றிய இரண்டு பின்அச்சுகள் எங்களிடம் கிடந்தன. முதலாவதின் ஒரு பக்கத்தை ஜக்கால் நிலத்திலிருந்து கிளப்பி, சில்லில் சோக்கட்டியால் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை தரம் சுழல்கிறதென்று எண்ணினேன். இரண்டேகால். பிழை என்றார் அந்தோனி. மற்றச் சில்லு நிலத்தில் நின்றால், எண்ணியதை இரட்டிக்கவேண்டுமாம்.

"ஒண்டு நிண்டுபோனா மற்றது ரெட்டையாச் சுத்தவேணும், அக்கா. உங்களுக்கு இதை நான் சொல்லியே தரவேணும்?"

ஒன்பதா, ஏழா

சில்லு இரண்டு அளவில் கிடைத்தது. சின்னச் சில்லு நன்றாக இழுக்கும், ஆனால் மணலில் புதையும். பெரிய சில்லு மணலுக்கு மேலால் போகும், ஆனால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். பிலோமினா யோசிக்காமல் பெரியதைத் தொட்டார். முந்தின மாரியில் ஒரு தாயை மாட்டுவண்டியில் மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர், மணலில் வண்டி இறுகி, பாதி வழியில் தாயையும் பிள்ளையையும் பறிகொடுத்திருந்தார். இப்போது சரசு என்று ஒருத்தி. போன பேற்றிலேயே இரத்தம் நிற்காமல் தப்பிப் பிழைத்தவள். அவளுக்கு அடுத்த மாதம் பேறு.

இனிப் பின்அச்சு. ஒன்றில், எஞ்சின் பக்கச் சின்னப் பற்சக்கரத்தின் ஒன்பது பல்லுக்குப் பெரியதில் நாற்பத்தொன்று: வேகம் கூட. மற்றதில் ஏழுக்கு முப்பத்தேழு: இழுவை கூட. சுமை என்ன? இலேசான கார், மருத்துவிச்சி, சரசு, அவளின் அம்மா. தாளில் கணக்குப் போட்டு, ஒன்பது போதும் என்றேன். அந்தோனி தலையைச் சொறிந்தார். பிலோமினாவுக்குத் தாளைக் காட்டினேன்.

"கெதியாப் பூட்டுங்கோ. பிள்ளை உங்கட தாளைப் பார்த்து வாறேல்லை."

கோட்டை ஏற்றம்

மணலின் பாரத்துக்கு ஈடாக, கோட்டைக்குள் கோயிலுக்கு ஏறும் வீதியில் ஓடிப் பார்த்தோம். அந்தோனி ஓட்டினார். பிலோமினா மூன்று மணல் மூட்டைகளை ஏற்றச்சொன்னார். "இது சரசு, இது அவளின்ர அம்மா, இது மாமி" என்று ஒவ்வொன்றையும் தட்டி வைத்தார். நான் மாமிக்குப் பக்கத்தில் ஒடுங்கினேன்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் விக்கி நின்றது. பிரேக் பிடித்தும் கார் பின்னால் வழுகியது. திரும்பிப் பார்த்தேன்: வளைவு, அதற்கு அப்பால் கடல், அவ்வளவு நீலம். "கல்லு! கல்லு!" என்று அந்தோனி கத்தினார். நான் குதித்து ஒரு கல்லை இழுத்துச் சில்லுக்கடியில் தள்ளினேன். கார் அதில் ஏறி, ஆடி, நின்றது. ஓரமாக நடந்து ஏறி வந்த பிலோமினா மாமி மூட்டையைத் தட்டினார்.

"கணக்கில மாமியை விட்டிட்டியள், அக்கா. எங்கட ஊரில மாமி ஏறாமல் ஒரு பிள்ளைத்தாச்சியும் வெளிக்கிடமாட்டாள்."

மூதூர் லோஞ்ச்

மாமியையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டு, ஏழு பல்லு அச்சைப் பூட்டினோம். அதே ஏற்றத்தில், அதே மூட்டைகளோடு, முனகி முனகி ஏறியது. பிலோமினா காரை, வாகனம் ஏற்றும் பாதைப்படகுகளில் ஏற்றி, கிண்ணியா வழியாகக் கொண்டு போனார். பிறகு ஒரு சேதியும் இல்லை. அடுத்த மாதம் முழுக்க, காலையில் குடாவைக் கடந்து மூதூர் லோஞ்ச் படகு வரும்போது நான் இறங்குதுறையில் நின்றேன். இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்ப்பேன், கேட்கப் பயம்.

ஒருநாள் பிலோமினாவே இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தாயும் பிள்ளையும் சுகம், அக்கா! நித்திரைதான் இல்லை. கார் ஆமை மாதிரித்தான் போனது, ஆனா ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. இறங்கி நடந்தாக் கெதியாப் போகலாமெண்டு மாமிக்காரி வழிநெடுகப் பேசினவ. இறங்கச் சொன்னன், இறங்கேல்லை!"

வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது அந்த ஒன்றுதான், அதுவும் மாமியை ஏற்றிய பிறகு.